பத்து நாள் புத்தகத் திருவிழா: குப்பையைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

கரிசல் வாசகி | ஜூலை 6, இரவு 9.40

எங்கள் ஊரில் அக்டோபர் முதல் வாரத்தில் பத்து நாள் புத்தகத் திருவிழா நடக்க இருக்கிறது. நூறு அரங்குகள், ஒரு மேடை, ஒரு சாப்பாட்டுக் கொட்டகை. ஏற்பாட்டுக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். முதல் கூட்டத்தில் "இந்த முறை பசுமைத் திருவிழா" என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். போட்ட கையோடு ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் குடித்துவிட்டுக் கலைந்தோம்.

போன ஆண்டு விழா முடிந்த மறுநாள் காலையில் மைதானத்துக்குப் போயிருந்தேன். நடைபாதை முழுக்க விரித்திருந்த சிவப்புக் கார்பெட்டை நான்கு பேர் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒட்டுநாடாவோடு சேர்ந்து மண்ணும் கொத்துக் கொத்தாக வந்தது. இது எங்கே போகும் என்று கேட்டேன். "இனி ஒரு கல்யாணத்துக்கு ஆகாதம்மா, நைந்துவிட்டது" என்றார் ஒருவர். சுருள்கள் குப்பை லாரியில் ஏறின. ஏற்கெனவே அதில் பஜ்ஜித் தட்டுகளும் பாதி குடித்த பாட்டில்களும் வரவேற்பு பேனர்களும் கிடந்தன. பத்து நாள் அறிவை வளர்த்துவிட்டு அறிவே இல்லாமல் போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது.

குழுவில் இதுவரை வந்திருக்கும் யோசனைகள் மூன்று: மூன்று நிறத்தில் தொட்டி, எல்லோருக்கும் மஞ்சப்பை, துவக்க விழாவில் மரக்கன்று. இதற்கு மேல் என்ன செய்யலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா வந்தவன் | ஜூலை 6, இரவு 10.05

போன ஆண்டு நட்ட மரக்கன்று இருக்கிறதா?

கரிசல் வாசகி | ஜூலை 6, இரவு 10.11

கூண்டு இருக்கிறது.

விடிகாலை விசில் | ஜூலை 7, காலை 6.20

நகராட்சியில் தூய்மைப் பணி மேற்பார்வையாளராக இருக்கிறேன். விழா முடிந்தபின் அந்த லாரியோடு நிற்பவன் நான்தான் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

தொட்டியை நம்பாதீர்கள் அம்மா. மூன்று நிறத் தொட்டி வைத்த விழாக்களைப் பார்த்திருக்கிறேன். பச்சை, நீலம், சிவப்பு, மூன்றிலும் ஒரே குப்பைதான் இருக்கும். ஒவ்வொரு தொட்டிக்கும் பக்கத்தில் ஒரு ஆள் நின்று "இதை இங்கே போடுங்கள்" என்று சொன்னால் மட்டுமே அது வேலை செய்யும். கல்லூரி மாணவர்களை நிறுத்துங்கள். சாயங்காலம் ஐந்து மணி முதல் ஒன்பது மணி வரை போதும், கூட்டம் அப்போதுதான்.

சாம்பார் பட்ட காகிதத் தட்டு காகிதமும் இல்லை, உணவும் இல்லை. பழைய காகிதக்காரர் எடுக்க மாட்டார். பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் உரக்குழியிலும் போட முடியாது. இலை என்றால் எங்கள் நுண் உரமாக்கும் மையத்துக்கு அப்படியே போய்விடும்.

இன்னொன்று. 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் மூன்று வேலை நாள்களுக்கு முன் உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைத் தரம் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது. என் பணிக்காலத்தில் கேட்காமலே வந்து தெரிவித்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். நீங்கள் வாருங்கள், டீ வாங்கித் தருகிறேன். கண்ணாடி டம்ளரில்.

பந்தக்கால் | ஜூலை 7, பகல் 1.30

நான் பந்தல், அரங்கு அமைக்கும் ஒப்பந்தக்காரன். முப்பது வருடத் தொழில். கார்பெட் கதையைப் படித்தேன், அது என் கார்பெட் இல்லை என்றாலும் என்னுடையதாகவும் இருந்திருக்கலாம்.

எல்லோரும் எங்களைத் திட்டுகிறீர்கள். எங்களிடம் கேட்பது என்ன என்று பாருங்கள். கொட்டேஷன் கேட்கும்போது "புதுக் கார்பெட் போடுவீர்களா, பழசா" என்பதுதான் முதல் கேள்வி. அந்த மட்டரக விரிப்பின் ஆயுள் ஒரு விழா, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள் வேறு போடச் சொல்வார்கள், துவக்க விழா வரை அழுக்காகக் கூடாதாம். திறப்பாளர் வரும் அரைமணிக்கு முன் அந்தத் தாளைக் கிழித்து எறிவோம்.

அரங்குகளைப் பொறுத்தவரை அலுமினியச் சட்டம் போட்டுத் தடுப்புப் பலகை சொருகும் முறைதான் நல்லது. என்னிடம் இருக்கும் சட்டங்கள் பன்னிரண்டு வருடமாக ஊர் ஊராகச் சுற்றுகின்றன. கேடு எங்கே வருகிறதென்றால், சில பதிப்பகங்கள் "தனி வடிவமைப்பு" என்று பிளைவுட்டில் கோட்டை கட்டுவார்கள். கடைசி நாள் இரவு பதினொரு மணிக்குச் சுத்தியலால் அடித்து உடைத்துவிட்டுப் போவார்கள். ஆணி அடித்த, சாயம் பூசிய, வினைல் ஒட்டிய பலகை எதற்கும் ஆகாது. விறகுக்குக்கூட வேண்டாம் என்பேன், அந்தப் புகை நல்லதில்லை.

உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள் தங்கச்சி: உள்ளே கொண்டுவந்ததை வெளியே எடுத்துச் செல்வது அவரவர் பொறுப்பு, இல்லையென்றால் முன்பணம் திரும்பாது. அந்த ஒரு வரிக்கு இருக்கும் பலம் உங்கள் தீர்மானத்துக்குக் கிடையாது.

பழைய புத்தகம் | ஜூலை 7, மாலை 4.15

பந்தக்கால் அண்ணாச்சி சொன்னதை வழிமொழிகிறேன். நான் வருடத்துக்கு ஏழெட்டுத் திருவிழாக்களில் கடை போடுகிறவன். அங்கே யாருமே தூக்கி எறியாத ஒரே பொருள் அட்டைப்பெட்டி. ஏனென்றால் விற்காத புத்தகத்தைத் திருப்பிக் கட்ட அதுதான் வேண்டும். மேசைக்குக் கீழே மடித்து வைத்து, பக்கத்துக் கடைக்காரர் எடுத்துவிடுவாரோ என்று ராத்திரி பெயர் எழுதி வைப்போம். திரும்பத் தேவைப்படும் என்று தெரிந்தால் யாருக்கும் போதனை வேண்டாம்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். நூறு கடைக்கு நூறு பார்சல் வண்டி வருகிறது. ஒரே ஊரிலிருந்து வரும் பத்துப் பதிப்பகங்கள் ஒரு லாரியில் ஏற்றினால் செலவும் குறையும். மூன்று பேர் சேர்ந்து செய்து பார்த்தோம். இறக்கும்போது யார் பெட்டி முதலில் என்று சண்டை வந்தது. ஆனாலும் இந்த ஆண்டும் சேர்ந்துதான் வருகிறோம்.

கணக்கு வாத்தியார் | ஜூலை 7, இரவு 8.50

ஓய்வுபெற்ற ஆசிரியன். எல்லோரும் கண்ணுக்குத் தெரியும் குப்பையைப் பற்றியே பேசுகிறீர்கள். கொஞ்சம் கணக்குப் போடலாமா?

முதலில் ஜெனரேட்டர். அரங்கு விளக்கு, மின்விசிறி, மேடை, ஒலிபெருக்கி எல்லாம் சேர்த்து 30 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் பத்து மணிநேரம், பத்து நாள்: 3,000 யூனிட். ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 3.2 யூனிட் கிடைக்கும். ஆக 940 லிட்டர். லிட்டருக்கு 2.68 கிலோ கரியமில வாயு வீதம் இரண்டரை டன்.

இப்போது வாகனம். உங்கள் ஊரில் போன முறை புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் மைதானம் எடுத்ததாகக் கேள்விப்பட்டேன். தினம் 2,000 இருசக்கர வாகனம் வருகிறது, போக வர 10 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்தால் பத்து நாளில் ஏறக்குறைய 4,400 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 2.3 கிலோ. பத்து டன்னுக்கு மேல்!

நீங்கள் கார்பெட்டைச் சுருட்டுவதைப் பார்த்து வருத்தப்பட்டீர்கள். அந்த வருத்தம் நியாயம்தான். ஆனால் மிகப் பெரிய செலவு, மைதானம் எது என்று முடிவு செய்த அன்றே ஆகிவிட்டது.

சும்மா வந்தவன் | ஜூலை 7, இரவு 9.02

ஐயா, கரண்டும் நிலக்கரியில்தானே வருகிறது? ஜெனரேட்டரை நிறுத்தி என்ன ஆகப்போகிறது?

கணக்கு வாத்தியார் | ஜூலை 7, இரவு 9.30

நல்ல கேள்வி தம்பி, சும்மா வந்தவர் கேட்கிற கேள்வி மாதிரி இல்லை. நாட்டின் சராசரி மின்சாரத்துக்கு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு. டீசலுக்கு 840 கிராம் வருகிறது. வித்தியாசம் பிரமாதமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜெனரேட்டரைப் பாதிச் சுமையில் ஓட்டினால் யூனிட்டுக்கான டீசல் இன்னும் கூடும். பகலில் ஆளில்லாத நேரத்தில் அதுதான் நடக்கும். அந்தப் புகை நேராகக் குழந்தைகள் அரங்குக்குப் போவதையும் பார்த்திருக்கிறேன். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்கிவிட்டு, ஜெனரேட்டரை மின்தடைக்கு மட்டும் வைத்துக்கொள்வதுதான் முறை.

அதைவிட லாபம், தேவையைக் குறைப்பதில். பழைய மின்விசிறி 75 வாட், புது வகை 30 வாட்டுக்குப் பக்கத்தில். நூறு அரங்குக்குப் பத்து நாளில் 450 யூனிட் மிச்சம்.

பந்தக்கால் | ஜூலை 7, இரவு 9.44

அந்தப் புது மின்விசிறியை வாடகைக்கு யார் தருகிறார்கள் என்றும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். என்னிடம் இருப்பதெல்லாம் என் மகன் பிறந்த வருடம் வாங்கியது. அவனுக்குப் போன மாதம் நிச்சயதார்த்தம்.

மைக்கூடு | ஜூலை 8, காலை 11.00

பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். என் வயிற்றில் நானே அடித்துக்கொள்கிறேன், பரவாயில்லை.

2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க 100 மைக்ரான் தடிமனுக்குக் குறைவான பி.வி.சி. பிளாஸ்டிக் பேனர்களுக்குத் தடை. உடனே "எங்களுடையது அதைவிடத் தடிமன்" என்று சொல்லி விற்கத் தொடங்கினோம். சட்டப்படி சரி. மண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஃபிளக்ஸ் என்பது பாலியெஸ்டர் வலைமேல் பி.வி.சி. பூசியது. இரண்டையும் எளிதில் பிரிக்க வழியில்லாததால் மறுசுழற்சிக்காரர் தொடமாட்டார். எரித்தால் வரும் புகை ஹைட்ரஜன் குளோரைடும் இன்னும் மோசமானவையும். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலையின் நடுத்தடுப்பில் வைத்திருந்த பேனர் மேலே விழுந்ததில் ஓர் இளம்பெண் லாரியில் சிக்கி இறந்தபின் கொஞ்ச நாள் ஊரே அடங்கியிருந்தது. பிறகு பழையபடி ஆகிவிட்டது.

"அப்படியானால் துணி பேனர்" என்று கேட்டு வருகிறீர்கள். கவனம். கடைகளில் துணி பேனர் என்று தருவது பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். அதுவும் பிளாஸ்டிக். காடா துணி, அதாவது வெளுக்காத பருத்தித் துணி, என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். விலை என் கடையில் மூன்று மடங்கு. ஆகவே பேனரின் எண்ணிக்கையைக் குறையுங்கள். முக்கியமாக, வருடத்தையும் தேதியையும் பேனரில் அச்சடிக்காதீர்கள். "புத்தகத் திருவிழா", ஊர்ப் பெயர், அவ்வளவுதான். தேதிக்குத் தனியாக ஒரு துண்டுத் துணி, நாடா வைத்துக் கட்டிக்கொள்ளலாம். "ஏழாவது" என்ற ஒரே சொல்லுக்காக ஒவ்வொரு வருடமும் முந்நூறு சதுர அடியைக் குப்பைக்கு அனுப்புகிறோம்.

மூன்றாம் பந்தி | ஜூலை 8, மாலை 6.30

சமையல் ஒப்பந்தம் எடுக்கிறவன். டம்ளர் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளர் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். பிரச்சினை டம்ளர் இல்லை, கழுவும் இடம். மூன்று தொட்டி வேண்டும்: ஒன்றில் சோப்பு நீர், ஒன்றில் அலசல், மூன்றாவதில் கொதிநீர். அந்த மூன்றாவதை எல்லோரும் விட்டுவிடுவார்கள். கொதிநீரில் முக்கிக் கவிழ்த்தால் துடைக்கவே வேண்டாம், தானே காய்ந்துவிடும். இதற்கென்று இரண்டு பேருக்குச் சம்பளம் ஒதுக்குங்கள், "பரிமாறுகிறவர்களே கழுவட்டும்" என்று சொன்னால் இரண்டாம் நாளே காகித கப் வந்துவிடும். அந்த கப்பின் உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பூச்சு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருள்களில் அதுவும் ஒன்று. இன்றும் எந்தக் கடையிலும் கிடைக்கும், அது வேறு கதை.

"சோளமாவு கப், மக்கிவிடும்" என்று ஒருவர் விற்க வருவார். ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். தோட்டத்தில் புதைத்து எட்டு மாதம் கழித்துத் தோண்டினேன். கழுவினால் மறுபடி காபி ஊற்றலாம், அப்படி இருந்தது. அது மக்க 60 டிகிரி அளவு வெப்பம் உள்ள தொழில்முறை உரக்கூடம் வேண்டுமாம்.

பஜ்ஜிக்கு மந்தாரை இலைத் தொன்னை. சாப்பாட்டுக்கு வாழை இலை. எண்ணெயை ஒற்ற நாளிதழ் வேண்டாம், மையோடு சேர்த்துச் சாப்பிடுகிறார்கள்.

வாளையாருக்கு அப்பால் | ஜூலை 9, காலை 7.45

பாலக்காட்டில் இருக்கும் தமிழன். இங்கே இதற்குப் பெயரே இருக்கிறது: பசுமை நெறிமுறை. 2015இல் கேரளத்தில் தேசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது மாநில அரசின் தூய்மை அமைப்பான சுசித்வ மிஷன் முன்னின்று செய்தது. கழுவிப் பயன்படுத்தும் தட்டு, டம்ளர், தண்ணீர் பிடித்துக்கொள்ள இடம். பிறகு பள்ளிக் கலைவிழா, ஆற்றுகால் பொங்கல், கல்யாணம் என்று பரவியது. முக்கியம் என்னவென்றால், தட்டும் டம்ளரும் வாடகைக்குக் கிடைக்கும்படி உள்ளூரிலேயே ஏற்பாடு செய்தார்கள். "கொண்டுவராதே" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கவில்லை.

எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறது என்று சொன்னால் பொய். ஆனால் இங்கே கல்யாணத்துக்குக் காகித கப் வாங்கப் போகிறவர் கடையில் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்.

ஏசி அரங்கம் | ஜூலை 9, பகல் 12.10

நிறுவனங்களுக்கு நிகழ்ச்சி நடத்தித் தருகிறேன். லண்டன் ஒலிம்பிக்கையொட்டி 2012இல் வந்த ஐஎஸ்ஓ 20121 என்ற பன்னாட்டுத் தரநிலை, நிகழ்ச்சிகளைச் சூழலுக்குக் கேடில்லாமல் நடத்துவதற்கென்றே இருக்கிறது. அதன்படி திட்டமிட்டால் சான்றிதழ் வாங்கலாம்.

பந்தக்கால் | ஜூலை 9, பகல் 12.25

அந்தச் சான்றிதழை எதில் அச்சடித்து மாட்டுவார்கள்? ஃபிளக்ஸிலா?

ஏசி அரங்கம் | ஜூலை 9, பகல் 12.40

பார்த்திருக்கிறேன் அண்ணாச்சி. சிரிக்காதீர்கள்.

கரிசல் வாசகி | ஜூலை 9, இரவு 10.20

அனைவருக்கும் நன்றி. வாத்தியார் ஐயாவின் கணக்கைக் குழுவில் வாசித்துக் காட்டினேன். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை, பிறகு ஒருவர் "அப்படியானால் விழாவே வேண்டாம் என்கிறாரா" என்றார். பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பள்ளி மைதானத்தைக் கேட்கப்போகிறோம். வாகனம் நிறுத்த இடம் கிடையாது என்று எதிர்ப்பு வந்தது. அதுதான் வேண்டும் என்றேன்.

மஞ்சப்பையில்தான் சண்டை. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியதிலிருந்து என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பதினேழு பைகள் தொங்குகின்றன. எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் ஒன்று தருகிறார்கள். பருத்தியும் சும்மா விளைவதில்லை. கொடுக்க வேண்டாம், வீட்டிலிருந்து பை கொண்டுவருகிறவர்களுக்குப் பனையோலைப் புத்தகக்குறி தரலாம் என்கிறேன். புரவலர் தன் பெயர் போட்ட பை தர ஆசைப்படுகிறார். அதுவும் துணி மாதிரி தெரிகிற பை. கேட்டால் துணியில்லை, நெய்யாத பிளாஸ்டிக். அதே 14 பொருள் பட்டியலில் இருப்பது!

பழைய புத்தகம் | ஜூலை 10, காலை 9.00

பையை விடுங்கள், மேடையைப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறு பேச்சாளர். ஆளுக்கொரு நைலான் பொன்னாடை, ஒரு பிளாஸ்டிக் கேடயம், செலோபேன் சுற்றிய பூங்கொத்து. பத்து நாளில் அறுபது பொன்னாடை. அதை எந்தப் பேச்சாளரும் போர்த்திக்கொண்டு தூங்குவதில்லை. புத்தகத் திருவிழாவில் புத்தகம் கொடுங்கள் அக்கா, எங்கள் கடையில் வாங்கி.

கரிசல் வாசகி | அக்டோபர் 19, இரவு 8.15

விழா முடிந்து நான்கு நாள் ஆகிறது. நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பள்ளி மைதானம் கிடைத்தது. பஸ்ஸில் வந்தவர்கள் அதிகம். எத்தனை பேர் என்று எண்ணவில்லை. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் உள்ளே நுழைந்ததைப் புறவழிச்சாலை மைதானத்தில் பார்த்ததே இல்லை. வாகனம் நிறுத்த முடியவில்லை என்று தினமும் திட்டு வாங்கினோம்.

நடைபாதையில் கார்பெட்டுக்குப் பதில் தென்னை நார் விரிப்பு போட்டோம். ஐந்து நாள் எல்லோரும் பாராட்டினார்கள். ஆறாம் நாள் சாயங்காலம் ஐப்பசி முன்கூட்டியே வந்துவிட்டது. ஒரு மணிநேர மழை. விரிப்பு தண்ணீரைக் குடித்து மூன்று பேர் தூக்க முடியாத கனமாகிவிட்டது, எட்டாம் நாள் வரை ஈர நாற்றம் அடித்தது. ஒரு முதியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிறுகதைத் தொகுப்பு புரட்டிக்கொண்டிருந்தார். காய்ந்தபின் இரண்டு சுருளைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் கிரிக்கெட் ஆடுகளத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். மற்றதை வாடகைக்காரரே எடுத்துப்போனார். குப்பை லாரியில் ஏறவில்லை.

டம்ளர் 1,200 எடுத்தோம், 46 குறைந்தது. கொதிநீர்த் தொட்டி நான்காம் நாள் நின்றுபோனது. எரிவாயு தீர்ந்துவிட்டது என்றார்கள். நானே போய் நின்று மறுபடி ஏற்ற வைத்தேன். விசில் அண்ணன் கேட்டுக்கொண்டபடி மாணவர்கள் தொட்டி அருகே நின்றார்கள். கடைசி இரண்டு நாள் தேர்வு என்று வரவில்லை. அந்த இரண்டு நாள் குப்பை தனியாகத் தெரிந்தது.

பொன்னாடை ஒன்றுகூட இல்லை. துவக்க விழா விருந்தினருக்கு மட்டும் யாரோ வெளியிலிருந்து வாங்கி வந்து போர்த்திவிட்டார்கள். புரவலரின் பை வரவில்லை, புரவலரும் வரவில்லை.

விடிகாலை விசில் | அக்டோபர் 20, காலை 6.05

போன ஆண்டு கடைசி நாள் மூன்று நடை லாரி. இந்த ஆண்டு ஒன்றரை. அதில் பாதி இலை. பணியாளர்கள் பத்து மணிக்கே வீட்டுக்குப் போனார்கள்.

பந்தக்கால் | அக்டோபர் 20, பகல் 2.50

பந்தல் ஒப்பந்தம் எனக்குத்தான் வந்தது என்பதை இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன். உள்ளே கொண்டுவந்ததை எடுத்துப்போகும் அந்த வரியை நானே சொல்லிக்கொடுத்துவிட்டு, நானே அதில் கையெழுத்து போட்டேன். என் ஆட்கள் ஒட்டுநாடா உரித்த கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

காடா துணி பேனர் பதினொன்றும் என் கிடங்கில்தான் இருக்கின்றன தங்கச்சி. துவைத்துக் காயவைத்து, தகரப் பெட்டியில் வேப்பிலை போட்டு மடித்து வைத்திருக்கிறேன். அடுத்த வருடத்துக்குத் தேதித் துண்டு மட்டும் எழுதினால் போதும். ஒரு சின்னச் சிக்கல். நேற்றுத் திறந்து பார்த்தேன், 'திருவிழா'வில் 'ழா'வை எலி கடித்திருக்கிறது. ஃபிளக்ஸை அது தொடாது. வேப்பிலைக்கு அடங்காத எலிக்கு யாரிடமாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

மூன்றாம் பந்தி | அக்டோபர் 20, பகல் 3.10

பூனை வளர்க்கலாம் அண்ணாச்சி. கல்யாண மண்டபத்துப் பூனை ஒன்று என்னிடம் இருக்கிறது, தயிர் மட்டும் வைக்க வேண்டும்.